கணிப்பொறியின் உட்கருவில் ஒரு கழித்தல் பிழை

(மூன்றாமாண்டு இளம் அறிவியல், கணிதம்)

மூன்றிலிருந்து ஐந்து போகுமா என்று இரண்டாம் வகுப்பில் ஆசிரியை கேட்டபோது, "போகாது டீச்சர்" என்று வகுப்பே ஒரே குரலில் கூவியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். "போகாவிட்டால் என்ன? பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்பார் ஆசிரியை. பத்தாமிடத்து வீட்டில் ஒன்றைக் கடன் வாங்கி, மூன்றைப் பதின்மூன்றாக்கி, ஐந்தைக் கழித்து எட்டு என்று எழுதினோம். ஆனால் பக்கத்தில் வீடே இல்லையென்றால் யாரிடம் கடன் வாங்குவது என்று அன்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை.

கணிப்பொறியும் கேட்பதில்லை. இல்லாத வீட்டிலிருந்தும் அது கடன் வாங்கிவிடும். வாங்கிய கடனை யாரிடமும் சொல்லாமலும் இருந்துவிடும். இந்தச் சிறு குணத்தால் 2022ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் உலகெங்கும் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் பதறவேண்டி வந்தது. அவ்வளவு பெரிய இடத்து விஷயத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். அதே தவற்றை நானும் செய்தவன் என்பது ஒன்றே என் தகுதி. ஆகவே என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கட்டபெட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில் என் மாமா பச்சைத் தேயிலை வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்பும் தொழில் செய்கிறார். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு பிற்பகலில் அவருடைய கொட்டகைக்கு வருவார்கள். தராசில் நிறுத்து, நோட்டில் எழுதி, சிறிய லாரியில் ஏற்றுவார்கள். அந்த வண்டியின் அளவு 1500 கிலோ. மேல் போர்த்தும் தார்ப்பாய்க்கும் கயிற்றுக்கும் மழை நாளில் 20 கிலோ என்று மாமா ஒரு கணக்கு வைத்திருப்பார். மலைச்சாலையின் கொண்டைஊசி வளைவுகளை அறிந்தவர்களுக்கு இந்த வரம்பு ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

சென்ற ஆண்டு மே மாதத்தில் கோடைமழைக்குப் பின் கொழுந்து பெருகியது. "ஏங்கண்ணு, நீதான் கம்ப்யூட்டரெல்லாம் படிக்கிறயே, இந்தக் கணக்கை அதுல போட்டுக் குடுக்க முடியாதா? பையன் ஒவ்வொரு தடவையும் கூட்டிக் கழிக்கறதுக்குள்ள பொழுது போயிடுது" என்றார் மாமா. விருப்பப் பாடமாக சி மொழியை அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். மறுப்பேனா? அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் இருந்தது. அதில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். சாக்கின் எடையைத் தட்டினால் போதும். வண்டியில் இடமிருந்தால் "ஏற்றலாம்" என்றும், இல்லாவிட்டால் "இடமில்லை" என்றும் திரையில் காட்டும்.

அதனுள் நான் வைத்த சோதனை இதுதான்: புதிய சாக்கின் எடை, (1500 − 20 − ஏற்றியது) என்பதைவிட மிகுதியா? மிகுதியானால் இடமில்லை. படித்துப் பாருங்கள், குற்றம் ஏதேனும் தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. வீட்டில் பத்து முறை சோதித்தும் சரியாகவே வந்தது. எடை எங்கேனும் எதிர்க்குறியில் வருமா என்று எண்ணி, எதிர்க்குறி இல்லாத எண் வகையையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினேன். அதைப் பற்றி ஒரு பெருமையும் எனக்கு இருந்தது.

இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் மாலை, வண்டியில் சரியாக 1480 கிலோ ஏறிவிட்டது. மழை தூறவே, பையன் தார்ப்பாயைப் போர்த்திக் கட்டி அதன் 20 கிலோவையும் கணக்கில் தட்டினான். மொத்தம் 1500. வண்டி நிறைந்துவிட்டது. அந்நேரம் பார்த்து மூன்று பேர் நனைந்துகொண்டே எட்டுச் சாக்குகளுடன் ஓடிவந்தார்கள். மாமா அங்கில்லை. பையன் முதற்சாக்கின் எடை 25 என்று தட்டினான். "ஏற்றலாம்" என்றது திரை. அடுத்ததற்கும் "ஏற்றலாம்". எட்டுக்கும் அதே விடை. 200 கிலோ கூடுதலாக ஏறியது. கம்ப்யூட்டரே சொல்லிவிட்ட பிறகு பையன் எதற்குத் தயங்க வேண்டும்?

இரண்டாவது வளைவில் பிரேக் கருகும் வாடை வந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார். நல்ல மனிதர், நல்ல அனுபவம். எட்டுச் சாக்குகளையும் சில்வர் ஓக் மரத்தடியில் இறக்கிவைத்துவிட்டுப் போனார். மறுநடைக்கு இரவு எட்டரை மணி ஆயிற்று. பச்சைக் கொழுந்து சாக்கில் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும் என்பது நம் மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தொழிற்சாலையில் அந்த எட்டுச் சாக்கையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிரவு அந்தக் கழித்தலின் விடையை மட்டும் தனியே திரையில் காட்டச் சொல்லிப் பார்த்தேன். 1500 − 20 − 1500 என்பதற்கு என் நிரல் சொன்ன விடை 4294967276. அதாவது, வண்டியில் இன்னும் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 276 கிலோவுக்கு இடமிருக்கிறதாம்!

இது எப்படி வந்தது என்பதைச் சிறிது விளக்கமாகக் காண்போம். நான்கு இலக்கங்கள் மட்டுமே எழுத இடமுள்ள ஒரு பலகை இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 0003இலிருந்து 0005ஐக் கழிக்க வேண்டும். ஒன்றாமிடம் பத்தாமிடத்தில் கடன் கேட்கிறது. அங்கே ஒன்றுமில்லை, அது நூறாமிடத்தில் கேட்கிறது, அது ஆயிரமாமிடத்தில். ஆயிரமாமிடம் தனக்கு இடப்புறத்து வீட்டில் கேட்க வேண்டும். அங்கே வீடு இல்லை, பலகை முடிந்துவிட்டது. கணிப்பொறியோ கடன் கிடைத்ததாகவே பாவித்து மேலே கழிக்கிறது. விடை 9998. பழைய லாரிகளின் மைல் மீட்டரைச் சுழியத்திலிருந்து ஒரு பல் பின்னோக்கித் திருப்பினால் எல்லாம் ஒன்பதாக நிற்குமே, அதுவேதான். என் நிரலின் பலகையில் 0, 1 என்ற குறிகளால் ஆன 32 இடங்கள் இருந்தன. அதில் சுழியத்துக்குக் கீழே ஓர் அடி வைத்தால் 4294967295க்குப் போய் நிற்கும். இருபது அடி வைத்தால் நான் கண்ட எண்.

மறுநாள் கல்லூரியில் கணினித்துறை விரிவுரையாளர் ஒருவரிடம் தலைகுனிந்துகொண்டே இதைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வருத்தப்படாதே. இந்த வரியை அப்படியே லினக்ஸிலும் எழுதியிருந்தார்கள். அங்கே வண்டி 1500 கிலோ அல்ல, 4096 பைட். தார்ப்பாய் 20 கிலோ அல்ல, 2 பைட். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். பிறகு அவர் எடுத்துத் தந்தவற்றைப் படித்துப் புரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

இயங்குதளத்தின் நடுநாயகமான பகுதியை உட்கரு என்கிறோம். ஆங்கிலத்தில் கெர்னல். நினைவகத்தில் யாருக்கு எந்த இடம், வட்டில் எந்தக் கோப்பு எங்கே, யார் எதைத் தொடலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுவே. அதற்கு மேல் கேள்வி கேட்பார் இல்லை. லினக்ஸ் உட்கருவை லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991இல் எழுதத் தொடங்கினார். இன்று ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வளர்க்கிறார்கள். ஆண்ட்ராய்டு கைபேசிகள் முதல் பெரும் நிறுவனங்களின் சேவைக் கணிப்பொறிகள் வரை அதன்மேல் இயங்குகின்றன. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த இயந்திரங்களில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற இயங்குதளமும் இருந்ததே, அதுவும் லினக்ஸ்தான். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. நம்மில் பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

உட்கருவின் ஒரு பகுதி கோப்பு முறைமை. நூலகத்தில் புத்தகங்கள் அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் என்று சொல்லும் அட்டவணை அட்டைகள் வேண்டும். வட்டுக்கு அந்த அட்டைப் பெட்டியாக இருப்பது கோப்பு முறைமை. புதிதாக ஒரு வட்டையோ பென் டிரைவையோ செருகும்போது அதனை உட்கரு தன் அட்டவணையோடு பொருத்திக்கொள்கிறது. இதற்கு மவுண்ட் என்று பெயர். அப்போது சில குறிப்புகளையும் கூடவே கொடுக்கலாம்: படிக்க மட்டும் விடு, எழுத விடாதே; இன்ன பயனாளருக்கு உரியதாக வை; இப்படி. இக்குறிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரச் சேர, அவற்றைக் காற்புள்ளி இட்டுக் கோத்து வைக்க உட்கரு 4096 பைட் கொண்ட ஓர் அறையை ஒதுக்குகிறது. பைட் என்பது ஓர் எழுத்து நிற்கும் இடம் என்று கொள்ளலாம்.

2019இல் வெளிவந்த லினக்ஸ் 5.1இல் இந்த வேலையை ஒழுங்குபடுத்திப் புதிதாக எழுதினார்கள். புதிய முறைக்கு மாறாத பழைய கோப்பு முறைமைகளுக்காக ஒரு துணைவழியும் வைத்தார்கள். மிகப் பரவலாக வழங்கும் எக்ஸ்ட்-4கூட அப்போது அந்தத் துணைவழியில்தான் வந்துகொண்டிருந்தது. அந்த வழியில் புதுக்குறிப்பு ஒவ்வொன்றும் அறைக்குள் நுழையுமுன் ஒரு சோதனை: குறிப்பின் நீளம், (4096 − 2 − நிரம்பியது) என்பதைவிட மிகுதியா? மிகுதியானால் மறுத்துவிடு. அந்த 2 எதற்கென்றால், முன்னால் இடும் காற்புள்ளிக்கு ஒன்று, இறுதியில் இடும் முடிவுக்குறிக்கு ஒன்று. என் தார்ப்பாய்க் கணக்குதான்!

குறிப்புகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. கடைசியாக வந்தது மிகச்சரியாகப் பொருந்துகிறது. அதன் காற்புள்ளியும் கணக்கில் ஏற, நிரம்பியது 4095 பைட். மீதி ஒன்றில் முடிவுக்குறி. அறை இம்மியும் பிசகாமல் நிறைந்துவிட்டது. இதுவரை தவறேதும் இல்லை. அடுத்த குறிப்பு வருகிறது. 4096 − 2 − 4095. நமக்கு விடை −1. உட்கருவின் 64 இடப் பலகைக்கோ 18446744073709551615, இருபது இலக்க எண். அவ்வளவு இடம் மீதி இருக்கும்போது யாரைத்தான் மறுப்பது? உள்ளே வா என்கிறது. அதற்கடுத்ததையும் வா என்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறை பாதி நிறைந்திருந்தால் பிழை இல்லை. முக்கால் நிறைந்திருந்தாலும் இல்லை. ஒரே ஒரு பைட் இடம் மிச்சமிருந்தாலும் சோதனை சரியாகவே மறுத்துவிடும். முழுக்க முழுக்க நிறையும் அந்த ஓர் இடத்தில் மட்டும் காவற்காரன் கதவை அகலத் திறந்து வைத்துவிடுகிறான். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் இது எவர் கண்ணிலும் படாமலிருந்ததற்குக் காரணம் இதுவே. சாதாரணமாக மவுண்ட் குறிப்புகள் ஒரு வரிக்கு மேல் போவதில்லை. 4095 பைட்டை அளந்து நிரப்ப யாருக்கு என்ன தேவை?

தீய எண்ணம் உடையவனுக்குத் தேவை இருக்கிறது. அறைக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று பாருங்கள். நினைவகத்தில் சுவர்கள் இல்லை. 4096 பைட் அறை முடிந்த மறு பைட்டில் வேறொரு செய்தி இருக்கும். அது உட்கருவின் பிறிதொரு வேலைக்குரிய குறிப்பாக இருக்கலாம். அடுத்து எங்கே போய் எதைச் செய்ய வேண்டும் என்ற முகவரியாக இருக்கலாம். நிரம்பி வழியும் எழுத்துகள் அதன்மேல் எழுதப்படுகின்றன. கடன் வாங்கும்போது இல்லாதிருந்த பக்கத்து வீடு, கொள்ளை போகும்போது மட்டும் இருக்கிறது! எந்த எழுத்துகள் வழிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவன் குறிப்பை அனுப்புகிறவனே ஆகையால், பக்கத்துச் செய்தியைத் தன் விருப்பப்படி மாற்றி எழுதி, படிப்படியாக அந்தக் கணிப்பொறிக்கே தலைவனாகிவிட முடியும். நினைவகத்தில் தனக்குரிய எல்லையைத் தாண்டிப் படிப்பது, எழுதுவது, திருப்பிக் கொடுத்துவிட்ட இடத்தை மறுபடி தொடுவது ஆகிய பிழைகளையெல்லாம் சேர்த்து நினைவகப் பாதுகாப்புப் பிழைகள் என்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தான் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது இவ்வகையினவே என்று 2019இல் கூறியது.

கூர்மையான நண்பர் ஒருவர் இங்கே குறுக்கிடக்கூடும்: "மவுண்ட் செய்வது தலைமைப் பயனாளருக்கு மட்டுமே உள்ள உரிமை அல்லவா? அவனே எதற்காகக் கள்ளச்சாவி தேட வேண்டும்?" நியாயமான கேள்வி. ஆசிரியர் தினத்தன்று நம்மில் ஒருவரை முதல்வர் நாற்காலியில் அமர்த்துகிறோம் அல்லவா? அன்று ஒருநாள் அவர் முதல்வர். ஆனால் உண்மையான கோப்பில் கையெழுத்திட முடியாது. லினக்ஸிலும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. சாதாரணப் பயனாளர் தனக்கென ஒரு வேலியிட்ட கூடத்தை அமைத்துக்கொண்டு, அதற்குள் தானே தலைவராக இருக்கலாம். உபுண்டு போன்றவற்றில் 2022இல் இதற்குத் தனி அனுமதி எதுவும் தேவைப்படவில்லை. கூடத்தின் தலைமை வேடம்தான். ஆனால் அந்த வேடத்தோடு அவர் பேசுவது நிஜமான உட்கருவுடன். கோப்பு முறைமைப் பகுதியின் கதவு இந்த வேடதாரிக்கும் திறந்திருந்தது. உள்ளே இருந்ததோ பழைய நம்பிக்கையில் எழுதப்பட்ட கழித்தல். என் கருத்தில் இதுதான் விஷயத்தின் மையம். அந்த வரியை எழுதியவர் தலைவர் மட்டுமே வருவார் என்று எண்ணி எழுதியிருந்தால், அவர் மேல் எவ்வளவு குற்றம் சொல்ல முடியும்?

இதைக் கண்டுபிடித்த விதமும் சுவையானது. கணிப்பொறிப் பாதுகாப்புப் போட்டிகளில் கலந்துகொள்ளும் 'குரூசேடர்ஸ் ஆஃப் ரஸ்ட்' என்ற குழுவினர் சிஸ்காலர் என்னும் கருவியை உட்கருவின் மேல் ஏவிவிட்டிருந்தார்கள். கூகிள் நிறுவனத்தாரின் கருவி அது. குன்னூர்ச் சாலையில் நிற்கும் ஒவ்வொரு வண்டியின் கதவையும் கண்ணாடியையும் குரங்குகள் இழுத்துப் பார்க்கின்றனவே, அதுபோல் உட்கருவின் எல்லாக் கதவுகளையும் கண்டபடி, ஆனால் சலிக்காமல், இழுத்துப் பார்ப்பது அதன் வேலை. உட்கருவையும் சும்மா விடவில்லை. ஒதுக்கிய ஒவ்வோர் இடத்தின் ஓரத்திலும் தொடக்கூடாத பட்டை ஒன்றை வைத்து, அதை எவரேனும் தொட்டால் அலறும்படி ஆயத்தம் செய்திருந்தார்கள். 2022 ஜனவரித் தொடக்கத்தில் அது அலறியது. மனிதக் கண்ணுக்கு இரண்டரை ஆண்டு தப்பியது குரங்குக் கைக்குத் தப்பவில்லை. வில்லியம் லியூ, ஜேமி ஹில்-டேனியல் முதலியோர் அந்த அலறலைத் தொடர்ந்து சென்று, சாதாரணப் பயனாளர் ஒருவர் இதனால் தலைவராக முடியும் என்று செய்தே காட்டினார்கள். கூகிள் அளித்த பரிசு 31,337 டாலர். சி.வி.இ. 2022-0185 என்ற எண்ணால் உலகம் இப்பிழையை அறியும்.

திருத்தம் எத்தனை பெரியது என்று நினைக்கிறீர்கள்? ஒரே வரி. ஹில்-டேனியல் அனுப்பிய அந்தத் திருத்தம் கழித்தலையே நீக்கிவிட்டது. இடம் எவ்வளவு மீதி என்று கேட்பதற்குப் பதிலாக, (நிரம்பியது + நீளம் + 2) என்பது 4096ஐவிட மிகுதியா என்று கேட்டார்கள். கணிதத்தில் இரண்டும் ஒன்றே. ஒரு பக்கத்து எண்ணை மறுபக்கம் கொண்டுபோனால் குறி மாறும் என்று ஏழாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். எதிர்க்குறியே இல்லாத எண்களின் உலகில் மட்டும் அவை ஒன்றல்ல. கூட்டினாலும் பலகை நிரம்பி வழியாதா என்றால், வழியலாம். ஆனால் இங்கே வரும் சொல் ஒவ்வொன்றுக்கும் 256 பைட் என்ற தனி வரம்பு வாசலிலேயே இருப்பதால் அந்த அச்சமில்லை. கணிதம் பயிலும் எனக்கு இந்த ஒரு வரி இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. சமன்பாட்டின் இரு பக்கமும் சமம் என்று நாம் அச்சமின்றிச் சொல்வதெல்லாம், எண்கோடு இருபுறமும் முடிவின்றி நீள்கிறது என்ற நம்பிக்கையில் அல்லவா?

இதற்கு முந்தைய ஆண்டே, 2021 ஜூலை 20ஆம் நாள், குவாலிஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதே கோப்பு முறைமைப் பகுதியில் இன்னொரு பிழையை வெளியிட்டிருந்தார்கள். செக்கோயா என்று அதற்குப் பெயரிட்டார்கள். அது 2014 முதல் இருந்தது. அடைவுக்குள் அடைவு, அதற்குள் அடைவு என்று ஏறக்குறைய பத்து லட்சம் அடைவுகளை அமைத்து, மொத்தப் பாதையின் நீளம் ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் போகும்படி செய்தால், அதைக் காட்ட உட்கரு ஒதுக்கும் இடம் 2147483648 பைட் ஆகிறது. இந்த எண்ணை ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குக் கொடுக்கும்போது, வாங்கும் பகுதியில் எதிர்க்குறியும் கொள்ளும் 32 இடப் பலகை. அதில் எழுதக்கூடிய பெரிய எண் 2147483647. ஒன்று கூடிவிட்டதால் அது −2147483648 ஆகிவிட்டது! ஒதுக்கிய இடத்துக்குச் சுமார் இரண்டு ஜிகாபைட் முன்னால் போய்ப் பத்தே பத்து பைட்டை உட்கரு எழுதியது. அந்தப் பத்து பைட்டே போதுமானதாயிற்று. எதிர்க்குறி இல்லாத எண்ணால் நான் கெட்டேன். எதிர்க்குறி உள்ள எண்ணால் அவர்கள் கெட்டார்கள்.

இவ்வளவுக்கும் சி மொழியைக் குறை சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. டென்னிஸ் ரிச்சி 1972 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் அதனை உருவாக்கிய காலத்தில் நினைவகம் பொன்னைப்போல் அருமையானது. எல்லையைச் சரிபார்க்க ஒவ்வொரு முறையும் நேரம் செலவிடுவது ஊதாரித்தனமாகத் தோன்றியிருக்கும். நிரல் எழுதுகிறவன் விவரமறிந்தவன், சொன்னதைச் செய், கேள்வி கேட்காதே என்பது அம்மொழியின் இயல்பு. ரஸ்ட் என்ற புதிய மொழி கேள்வி கேட்கிறது. அதில் இந்தக் கழித்தல், சோதனை ஓட்டமாக இருந்தால் உடனே நின்றுவிடும். வெளியீட்டு ஓட்டத்தில் இதேபோல் சுற்றிக்கொண்டு பெரிய எண்ணாகிவிடவும் கூடும். ஆனால் அந்தப் பொய் எண்ணை நம்பி அறைக்கு வெளியே எழுதப்போகும் கணத்தில், வழக்கமான முறையில் எழுதிய நிரலானால், கையைப் பிடித்து நிறுத்திவிடும். ஆகவே ரஸ்ட் நம் கணக்கைத் திருத்தும் என்று நம்புவது தவறு. பக்கத்து வீட்டைக் காப்பாற்றும் என்று நம்பலாம். 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 முதல் உட்கருவில் அம்மொழிக்கும் இடம் கிடைத்துள்ளது. பல கோடி வரி சி மொழி ஒரே நாளில் மாறிவிடாது.

இனி நம்மைப் பற்றி. அக்காவின் மடிக்கணினி 2013இல் கிடைத்தது. அதிலிருந்த பாஸின் உட்கரு, நான் சொன்ன இரு பிழைகளும் பிறப்பதற்கு முந்தையது. பழையதாக இருப்பதே பாதுகாப்பு என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பழையதற்கு அதன் காலத்துப் பிழைகள் உண்டு, அவற்றைத் திருத்த இப்போது ஆளும் இல்லை. ஆனால் கல்லூரி ஆய்வகங்களின் நிலை வேறு. இந்தப் பிழைகளை வெளியிலிருந்து வலை வழியாக மட்டும் பயன்படுத்த முடியாது; உள்ளே ஒரு சாதாரணக் கணக்கு வேண்டும். ஒரே கணிப்பொறியில் பல மாணவர்கள் தத்தம் பெயரில் நுழையும் ஆய்வகம்தான் அதற்கு மிகப் பொருத்தமான களம். மதிப்பெண் பட்டியலும் செய்முறைப் பதிவேடும் அருகிலேயே இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேற்சொன்ன விரிவுரையாளரும் நானும் ஒரு சனிக்கிழமை முழுவதும் அமர்ந்து, 'யூநேம்' என்ற ஆணையைக் கொடுத்து ஒவ்வோர் இயந்திரத்தின் உட்கரு எண்ணையும் ஒரு தாளில் குறித்தோம். புதுப்பிக்க வேண்டியவற்றைப் புதுப்பித்தோம். நடுவே இரண்டு முறை மின்சாரம் போனது. ஜூன் மாதத்து உதகையில் அது செய்தியல்ல.

திருத்தம் வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று இருப்பவர்களுக்காக ஒரு தகவல். அமெரிக்க அரசின் சிசா என்ற கணிப்பொறிப் பாதுகாப்பு முகமை, தீயோர் உண்மையில் பயன்படுத்திவரும் ஓட்டைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2022 ஜனவரியில் ஒரே வரியில் அடைக்கப்பட்ட இந்தக் கழித்தல் ஓட்டை அப்பட்டியலில் சேர்ந்தது 2024 ஆகஸ்டில். இரண்டரை ஆண்டு அறியாமல் இருந்தது; அறிந்தபின் மேலும் இரண்டரை ஆண்டு அடைக்காமல் பல இடங்களில் கிடந்திருக்கிறது.

என் நிரலையும் திருத்திவிட்டேன். (ஏற்றியது + புதிய சாக்கு + 20) என்பது 1500ஐவிட மிகுதியா என்று இப்போது அது கேட்கிறது. திருத்திய பிறகு, வண்டி மிகச்சரியாக நிறையும் கணக்கைத்தான் முதலில் கொடுத்துப் பார்த்தேன். "இடமில்லை" என்றது. மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எட்டுச் சாக்குக்குரிய பணத்தை அந்த மூவருக்கும் அவர் அன்றே கைப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "சரிங்கண்ணு, நல்லாத்தான் இருக்கு" என்று திரையைப் பார்த்துச் சொன்னவர், கொட்டகைக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் சாக்குக்கு ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே இருந்தார். இன்றும் போடுகிறார். அந்த 200 கிலோவுக்குரிய தொகை அவருடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறது. இன்னும் அடிக்கவில்லை.